பெருங்குடி வானில் வெள்ளைக் கோடு... ஃபைட்டர் ஜெட்டா? ஷேர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பெருங்குடி ஓ.எம்.ஆர். பக்கம் ஆபீஸ் மொட்டை மாடியில் டீயோடு நிற்கும்போது, மேலே வெள்ளைக் கோடு இழுத்தபடி ஒரு விமானம் போனால் போதும். "மச்சி, ஃபைட்டர் ஜெட்டுடா!" என்று யாராவது சொல்வார்கள். அடுத்த நிமிடம் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஆனால், சென்னை வானத்தில் அப்படிக் கோடு போட்டுக்கொண்டு போவது பெரும்பாலும் சாதாரண பயணிகள் விமானம்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். அந்தக் கோடு புகை இல்லை, பனி. இன்ஜினிலிருந்து வெளியேறும் நீராவி, சுமார் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும் காற்றில் பட்டதும் பனித்துகளாக உறைகிறது. இதைத்தான் கான்ட்ரெயில் என்கிறார்கள். நம்ம ஊர் வெப்ப மண்டலம் என்பதால் அந்தக் குளிரை எட்ட ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த உயரத்தில் தினமும் பறப்பவை, தென்கிழக்கு ஆசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இடையே சென்னையில் இறங்காமலேயே கடந்துபோகும் பெரிய விமானங்கள். கோடு உடனே மறைந்தால் மேலே காற்று வறண்டிருக்கிறது, அகலமாகப் பரவி நின்றால் ஈரம் அதிகம். அந்தக் கோட்டை வைத்து வானிலையைச் சொல்லலாம், விமானம் யாருடையது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நம்ம தலைக்கு மேல் ராணுவ விமானங்களே போவதில்லையா? போகிறது. ஆனால் பெரும்பாலும் கோடு இல்லாமல், தாழ்வாக. பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். பயிற்சி கொடுக்கும் விமானிகளுக்கே பயிற்சி தரும் இடம் அது. முன்னால் ஒற்றை புரொப்பெல்லர் சுற்ற, 'கொய்ங்' என்ற சத்தத்தோடு ஒரு சின்ன விமானம் வட்டமடித்தால் அது அநேகமாக பிலாட்டஸ். 2025 நவம்பர் 14 அன்று தாம்பரம் அருகே விழுந்ததும், விமானி உயிர் தப்பியதும் இந்த ரகத்தில்தான்.

குழப்பமே அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து வரும் கடற்படையின் பி-8ஐ விஷயத்தில்தான். போயிங் 737-ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது என்பதால், பார்த்தால் மதுரைக்குப் போகும் ஃபிளைட் மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் உடம்பு சாம்பல் நிறம், வரிசையான ஜன்னல்கள் கிடையாது, இறக்கை நுனி மேல்நோக்கி மடங்கியிருக்காது, வாலில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட உதவும் கருவி அது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினா ஏர் ஷோவில் சூர்யகிரண் ஜெட்கள் விட்ட வண்ணக் கோடுகளை இதோடு சேர்க்கக் கூடாது. அது வேண்டுமென்றே விடும் புகை, கான்ட்ரெயில் இல்லை.

சரி, தப்பா சொன்னா என்ன ஆயிடப் போகுது? சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. 2025 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் வீடியோ கேம் காட்சிகளே போர் விமானத் தாக்குதல் என்று சுற்றின. மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. பதற்றமான அந்த மாதிரி நாளில் "எங்க ஏரியா மேல ஜெட் போகுது" என்ற ஒரு வரி எத்தனை ஃபேமிலி குரூப்புகளைத் தூங்க விடாது! யூகம் தப்பானால் அது வதந்தி. சரியாக இருந்தாலோ இன்னும் மோசம், படை நகர்வை நேரலையில் சொன்னதாகிவிடும். படை நகர்வுகளை நேரலையாகப் பகிர வேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய அரசு ஊடகங்களோடு சேர்த்து சமூக வலைதளப் பயனர்களையும்தான் கேட்டுக்கொண்டது.

ஃபிளைட்ரேடார் ஆப்பில் பார்ப்பது நல்ல பழக்கம். கோட்டுக்கு நேராக ஆப்பில் ஒரு பயணிகள் விமானம் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் ஆப்பில் இல்லை என்பதாலேயே 'ரகசிய விமானம்' ஆகிவிடாது. சிக்னல் கிடைக்காமல் போக ஆயிரம் காரணம் உண்டு.

இந்த விஷயத்தில் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு பைனாகுலரோடு வரும் பறவை ஆர்வலர்கள் கெட்டிக்காரர்கள். இறக்கை, வால், பறக்கும் விதம் எல்லாம் பார்த்த பிறகுதான் பெயர் சொல்வார்கள். சரியாகத் தெரியாவிட்டால் நோட்டில் 'ஏதோ ஒரு கழுகு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், கூச்சமே படாமல்.

மொட்டை மாடியில் யாரும் தயங்காமல் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. வடக்கே அடிவானத்திலிருந்து தடிமனாக எழும்பி, சிறிது நேரத்தில் காற்றில் பாம்பு மாதிரி நெளியும் புகை. அது ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட். நேரத்தை இஸ்ரோவே முன்கூட்டி அறிவித்துவிடும், போட்டோ எடுத்துத் தாராளமாக ஸ்டேட்டஸ் போடலாம்.