பல்லைத் தட்டுவேன் என்பவரும் சிரித்துக்கொண்டே சொல்பவரும்



முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கோரை வயலில் வரப்புத் தகராறு. சிவில் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. எதிராளி ஒருநாளும் சத்தம் போட்டதில்லையாம். போன மாதம் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி, "அண்ணன் ராத்திரி மோட்டார் போட ஒண்டியாத்தானே போறாரு? கேஸ வாபஸ் வாங்கிக்கச் சொல்லுங்கண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. சொந்தக்காரர்களோ, "அவன் என்ன கத்தியா காட்டினான், அக்கறையாத்தானே கேட்டான்" என்கிறார்களாம். இதெல்லாம் குற்றத்தில் சேருமா என்று கேட்கிறார்.

சேரும் அம்மா. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவுதான் இதற்கு மூலம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 351ஆம் பிரிவு. ஒருவருடைய உடலுக்கோ உடைமைக்கோ நல்ல பெயருக்கோ கேடு வரும் என்று அச்சுறுத்தி அவரைக் கலங்கடிப்பதும், அவர் சட்டப்படி செய்ய உரிமை உள்ளதைச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம் என்கிறது சட்டம். அந்தப் பிரிவிலேயே எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. சிவில் வழக்கை மேற்கொண்டு நடத்தாமல் இருக்கச் செய்வதற்காக ஒருவர் மற்றவரின் வீட்டைக் கொளுத்துவதாக மிரட்டுகிறார், அது குற்றம். நூற்று அறுபது வருடம் கழித்துச் சட்டத்தைப் புதுப்பித்தவர்களும் அந்த எடுத்துக்காட்டை நீக்கவில்லை. வரப்புத் தகராறு நம் ஊரை விட்டுப் போகாது என்று தெரிந்திருக்கும் போல.

சாதாரண மிரட்டலுக்கு இரண்டு வருடம் வரை சிறை. கொன்றுவிடுவேன், கொடுங்காயம் ஏற்படுத்துவேன், தீ வைப்பேன் என்ற மிரட்டலுக்கு ஏழு வருடம் வரை. ஒரு பெண்ணின் நடத்தையைக் களங்கப்படுத்துவேன் என்பதற்கும் அதே ஏழுதான். இதைப் பலர் அறிய மாட்டார்கள். பெயரையும் இருப்பிடத்தையும் மறைத்துக்கொண்டு மிரட்டினால் மேலும் இரண்டு வருடம் சேரும்.

கொடுங்காயம் எது என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. எலும்பு முறிவும் பல் முறிவும் அதில் இருக்கின்றன. ஆக, நம் தெருக்களில் தினமும் காதில் விழும் "பல்லத் தட்டிருவேன்", "கைய கால ஒடச்சிருவேன்" இரண்டும் எழுத்துப்படி பார்த்தால் ஏழு வருடச் சமாசாரம்! அப்படிப் பிடித்து உள்ளே போட ஆரம்பித்தால் குளித்தலைப் பாலத்தைத் தாண்டி யாரும் வெளியே நடமாட முடியாது.

நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். 1980களின் கடைசியில் நோபிள் மோகன்தாஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மிரட்டல் மெய்யானதாக இருக்க வேண்டும், சொன்னவர் நினைத்துச் சொல்லாததும், கேட்டவர் பயப்படாததும் வெறும் வாய்ச்சொல்தான். 2015இல் மாணிக் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. ஆட்டோவோடு நடந்த விபத்துக்குப் பிறகு ஒரு தம்பதி, காவல் அதிகாரி தங்களைக் கடுமையாக நடத்தினார் என்று பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார்கள். அதற்காக அவர்கள் மேல் மிரட்டல் வழக்கு. அச்சமூட்டும் நோக்கம் இல்லை என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். குறை சொல்வதும் கோபப்படுவதும் மிரட்டல் ஆகிவிட்டால் குடிமக்கள் வாய் திறக்கவே முடியாது.

ஆனால் கீழ்மட்டத்தில் நடப்பது வேறு. நம்மூர் அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தவர்களுக்கு பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) என்ற மூன்று பிரிவுகளும் சேர்ந்தே வருவது தெரியும். இப்போது எண்கள்தான் மாறியிருக்கின்றன. ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவதாக மிரட்டினார். குழாயடிச் சண்டைக்கும் இதே வாசகம், கூலிப்படை வைத்திருப்பவருக்கும் இதே வாசகம். எல்லாவற்றிலும் உப்பு மாதிரி அள்ளிப் போட்டால் நிஜமான கொலை மிரட்டல் வரும்போது அதை யார் நம்புவார்கள்? கத்துகிறவர் மேல் உடனே வழக்கு வருகிறது, மெல்லப் பேசுகிறவர் தப்பிவிடுகிறார். என்னைக் கேட்டால், மிரட்டலை எடைபோட மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: சொன்னவருக்கு அதைச் செய்யும் வசதி இருக்கிறதா, நம்மிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும், நம் நடமாட்டம் அவருக்கு எவ்வளவு தெரியும். குரலின் உயரம் கணக்கே இல்லை.

அசட்டையாக விட்டதன் விலையைத் தமிழ்நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 2025 மார்ச் 18 விடிகாலையில் நெல்லை டவுனில் தொழுகை முடிந்து திரும்பிய ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதுவும் நிலத் தகராறுதான். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அவரே வீடியோவில் பேசிவைத்திருந்தார். காக்கிச் சட்டை போட்டவரின் பேச்சுக்கே அந்தக் கதி. பிறகு அவர் கொடுத்திருந்த புகாரைக் கையாண்ட அதிகாரிகள் பணியிடை நீக்கம் ஆனார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அலுவலகத்துக்குள் புகுந்தே வெட்டினார்கள். தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கு மட்டும் வேகமாக நடந்து அதே வருடம் செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் கொலைக்கு அடுத்த மாதமே, நம் முசிறிக் கோட்டத்துக்குள் இருக்கும் துறையூர்ப் பக்கத்தில், மண் அள்ளுவதைத் தடுக்கப் போன வருவாய் ஆய்வாளருக்கு அடி விழுந்தது.

இனி, செய்ய வேண்டியது. மிரட்டிய வார்த்தையை அவர் சொன்னபடியே, பேச்சுவழக்கிலேயே, அன்றைக்கே எழுதிவையுங்கள். இடம், நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாம் இருக்கட்டும். புகார் எழுதிக் கொடுக்கும் ரைட்டர் "கொலை மிரட்டல் விடுத்தார்" என்று சுருக்கினால், மிரட்டியவர் சொன்ன வாசகத்தையே சேர்க்கச் சொல்லுங்கள். கேஸை வாபஸ் வாங்கச் சொன்னார் என்பது விட்டுப்போகக் கூடாது. வழக்கின் உயிர் அதில்தான். போனில் வந்த மிரட்டல் என்றால் பதிவை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். அந்தப் போனே சாட்சி. புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். எடுக்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இன்னொரு வழி முசிறி கோட்டாட்சியர் அலுவலகம். ஊரில் இன்றைக்கும் "நூத்தியேழு போடுறது" என்றுதான் சொல்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு அது; புதிய நடைமுறைச் சட்டத்தில் 126ஆம் பிரிவு. அமைதியைக் குலைப்பார் என்று தெரிந்தால் ஒரு வருடத்துக்கு மிகாமல் பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். நிலத் தகராறில் பெரும்பாலும் இரண்டு தரப்பு மேலேயும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம், அது தண்டனை அல்ல. தேதி தவறாமல் வக்கீலோடு போய், சி.எஸ்.ஆர். நகலைக் கொடுத்து, முதலில் புகார் கொடுத்தது நாங்கள்தான் என்று பதிவுசெய்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்