அரிசிப் பானையில் இருப்பது எந்த வண்டு?



மாரி தொடங்கி வாவிக்காற்றில் ஈரம் ஏறினால், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அரிசிப் பானைகளில் வண்டு தென்படும். உடனே மருந்து தூவ நினைக்காதீர்கள். முதலில் அது எந்த வண்டு என்று பாருங்கள்.

துதிக்கை போல் மூக்கு நீண்டிருந்தால் அது மூக்கு வண்டு. அரிசியைத் துளைத்து, மணிக்குள்ளேயே முட்டையிடும்.

மூக்கின்றி, சுமார் 3 மில்லிமீற்றர் நீளத்தில், தட்டையாக, கபில நிறத்தில் விரைந்தோடினால் அது வேறு இனம். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: தலைக்குப் பின்னுள்ள மார்பின் இருபுறமும் வாள்பற்கள் போல் 6 பற்கள் வீதம் தெரியும். தென்னமெரிக்காவின் சூரினாமை வைத்து 1758இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். இதைப் போன்றே தோன்றும் மற்றொன்றுக்குக் கண்ணின் பின்னுள்ள கன்னம் மிகக் குறுகியது. அது கச்சான் போன்ற எண்ணெய் வித்துகளையே பெரிதும் நாடும்.

தட்டை வண்டு முழு மணியைத் துளைக்காது. குருணை, மா, பேரீச்சம்பழம் ஆகியவையே அதன் உணவு. பொதியின் மடிப்புக்குள்ளும் நுழைந்துவிடும். எனவே அரிசியைச் சுளகில் புடைத்து, குருணையை நீக்கி, வெயிலில் காயவைத்து, இறுக மூடும் டின்னில் வையுங்கள்.

மூக்கு வண்டுக்குப் புடைப்பது மட்டும் போதாது. மணிக்குள் புழு இருக்கும். சிறிதளவு அரிசியென்றால் உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் அழிந்துவிடும்.

பிள்ளைகள் உண்ணும் அரிசியில் நஞ்சு தூவும் தேவை இரண்டுக்குமே இல்லை.