தோட்டா வேறு, குண்டு வேறு

இலக்கிய இதழ்களை வாசிப்பவர்களுக்கு 'மேகசின்' என்பது இனிமையான சொல். அரபு மொழியில் பண்டகசாலையைக் குறித்த சொல்லொன்று ஐரோப்பிய மொழிகள் வழியே ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் சரக்குக் கிடங்கையும் படைகளின் வெடிமருந்துக் கிடங்கையும் குறித்தது. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற இதழைத் தொடங்கியபோதுதான் அது எழுத்தின் கிடங்காகவும் ஆயிற்று. ஆனால் அமெரிக்காவில் இதே சொல்லுக்காகச் சினம் கொள்ளும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்.

எங்களுள் ஒருவர் சில ஆண்டுகள் அந்நாட்டில் வசித்தார். ஒருமுறை நண்பரின் அழைப்பின் பேரில் சுடுபயிற்சிக் களம் ஒன்றுக்குச் சென்றவர், கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியைக் 'கிளிப்' என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாடம் எடுத்தாராம். தோட்டாக்களை ஒன்றாகப் பற்றி நிறுத்தும் வெறும் உலோகப் பட்டைதான் கிளிப். தோட்டாக்களை உள்ளே வைத்து, அடியிலிருக்கும் சுருள்வில்லால் ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தருவது மேகசின். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் ஏந்திய எம்1 காரண்ட் ரைஃபிளில் எட்டுத் தோட்டாக்கள் கொண்ட கிளிப்பையே உள்ளே செருகினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு அந்தச் சொல்லும் திரும்பி வந்து, எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது என்பது முதியவரின் விளக்கம்.

இத்தகைய மனக்குறைகள் அவர்களிடம் ஏராளம். முழுத் தோட்டாவையும் 'புல்லட்' என்று சொல்லக் கூடாது. தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியிலுள்ள பற்றுமருந்து, வெடிமருந்து, முனையிலிருக்கும் ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. அவற்றுள் பறந்து செல்லும் குண்டு மட்டுமே புல்லட். 'ஏஆர்-15' என்பதில் உள்ள 'ஏஆர்' தாக்குதல் ரைஃபிளைக் குறிப்பதன்று. அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் வெளியேறுவதைத் தானியங்கி என்று அழைக்கலாகாது. அது அரைத் தானியங்கி.

இவற்றைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறுநாவலை 'நீளமான சிறுகதை' என்று யாரேனும் சொன்னால் முகம் சுளிப்பவர்கள்தாமே நாம்? தன் புழங்குபொருளின் பெயர் சிதைக்கப்படும்போது எந்தத் தொழிலாளிக்கும் வருகிற வருத்தம்தான் இது. அந்த வருத்தத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் திருத்துகிறவர்களின் சொல்லும் சுத்தமானதா என்று பார்த்தால் கதை மாறுகிறது. 'சைலன்சர்' என்று சொன்னால் அவர்களில் பலர் உடனே குறுக்கிட்டு, 'சப்ரசர்' என்பதே சரி, எந்தக் கருவியும் ஓசையை முற்றாக அழிப்பதில்லை என்பார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம்தான். ரைஃபிளின் 160 டெசிபல் அளவிலான ஓசையிலிருந்து அக்கருவி 20 முதல் 35 டெசிபல் வரையே குறைக்கிறது. வரலாறோ வேறு பக்கம் நிற்கிறது. 1909-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிம் அதை 'மாக்சிம் சைலன்சர்' என்ற பெயரிலேயே விற்றார். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டமும் அதைச் சைலன்சர் என்றே குறிப்பிடுகிறது.

'தானியங்கி' என்ற சொல்லைப் பிறர் ஆளும்போது சீறுகிறவர், தம் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கிக்கு '.45 ஏசிபி' தோட்டாக்களை வாங்குகிறார். அதன் விரிவு 'ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்'. அந்தத் தோட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்ட புகழ்பெற்ற எம்1911 கைத்துப்பாக்கியோ அரைத் தானியங்கிதான். '.38 ஸ்பெஷல்' தோட்டாவின் குண்டு .38 அங்குலம் இல்லை, .357 அங்குலமே. 'அசால்ட் வெப்பன்' என்பது துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் புனைந்த சொல் என்று அவர்கள் சொல்வதுண்டு. ஆனால் துப்பாக்கிப் பிரியர்களுக்காகவே 2008-இல் வெளிவந்த வழிகாட்டி நூலொன்று தன் தலைப்பிலேயே அச்சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொண்டிருந்தது. ஆக, இந்த அகராதியைத் தூய அறிவு மட்டும் எழுதவில்லை. விற்பனையும் அரசியலும் பழக்கமும் சேர்ந்தே எழுதியிருக்கின்றன.

இங்கேதான் எங்கள் மனக்குறை தொடங்குகிறது. பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, இனி இப்படி நடக்கக் கூடாது என்று பேச எழும்போது, மேகசினைக் கிளிப் என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக அவள் பேச்சையே தள்ளிவிடுவது சொல்லின் மீதுள்ள பற்று ஆகாது. அது வாயடைக்கும் உத்தி. சொல் தெரியாதவருக்கு வலியும் தெரியாது என்று கருதுவது எந்த மொழியிலும் நேர்மையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் இயற்றுகிறவர்கள் சொல்லில் சறுக்கினால் சட்டமே சறுக்கிவிடும். 1994-இல் அமெரிக்கா கொண்டுவந்த தடைச்சட்டம் 'அசால்ட் வெப்பன்' என்பதைப் பெரும்பாலும் புறத்தோற்ற உறுப்புகளைக் கொண்டே வரையறுத்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடி, துப்பாக்கி ஈட்டி மாட்டும் இடம், மடக்கும் அடிக்கட்டை போன்றவற்றை எண்ணிக் கணக்கிட்டது. தயாரிப்பாளர்கள் அவற்றில் சிலவற்றை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளியக்கம் மாறாத அதே துப்பாக்கியைத் தொடர்ந்து விற்றார்கள். 2004-இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. எனவே சட்டம் எழுதும் கைக்குத் துல்லியம் கட்டாயம். அழுகிற தாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சொல் பிசகினால் உயிரே போகும் இடங்களும் உண்டு. மனக்குறைப் பட்டியலில் அவையே முதலிடம் பெற்றிருக்க வேண்டும். முன்னே சொன்ன முதியவரிடமே திரும்புவோம். பாடம் முடிந்து சிறிது நேரத்தில் அவர் தம் துப்பாக்கியிலிருந்து மேகசினை உருவி எடுத்து, "காலிதான், பாருங்கள்" என்று எங்கள் நண்பரிடம் நீட்டினார். குழல் நண்பரின் வயிற்றை நோக்கியிருந்தது. களத்தின் மேற்பார்வையாளர் ஓடிவந்து குழலைச் சுடுதளத்தின் பக்கம் திருப்பி, மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். சேம்பர் என்னும் சுடும் அறையிலிருந்து முழுத் தோட்டா ஒன்று தரையில் விழுந்தது. மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்பதே அந்தச் சிறந்த சொல்லாசிரியரின் நம்பிக்கை. கிளிப்புக்கும் மேகசினுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், மேகசினுக்கும் சேம்பருக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டார். முன்னதால் யாரும் சாவதில்லை.

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' திரைப்படப் படப்பிடிப்பில் நடந்தது உலகறிந்தது. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயமடைந்தார். அந்தத் துப்பாக்கி 'கோல்ட் கன்' என்று, அதாவது சுடும் தோட்டா இல்லாதது என்று, சொல்லப்பட்டதாக விசாரணை ஆவணங்கள் கூறின. டம்மித் தோட்டாவில் குண்டு இருக்கும், வெடிமருந்து இராது. பிளாங்க் தோட்டாவில் வெடிமருந்து இருக்கும், குண்டு இராது. உண்மைத் தோட்டாவில் இரண்டும் இருக்கும். டம்மியும் உண்மையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். சரிபார்க்காமல் உச்சரித்த இரு சொற்களை எல்லாரும் நம்பினார்கள். படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளர் 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பால்ட்வின் மீதான வழக்கு அதே ஆண்டில் தள்ளுபடியாயிற்று.

இதனால்தான் பொறுப்புள்ள பயிற்சியாளர்கள் பலர் 'தற்செயலாக வெடித்துவிட்டது' என்ற தொடரை ஏற்க மறுக்கிறார்கள். கருவிப் பழுதால் வெடித்தாலொழிய அதைக் 'கவனக்குறைவால் வெடித்தது' என்றே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இந்தத் திருத்தம் பிறர் அறியாமையைச் சுட்டுவதன்று. பேசுகிறவரின் பொறுப்பைச் சுட்டுவது. எங்களுக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றுகிறது.

நாமும் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1857-இன் கிளர்ச்சியைப் பற்றிப் படித்த ஒவ்வொருவருக்கும் 'கொழுப்பு தடவிய தோட்டா' நினைவிருக்கும். சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழித்தது வெடிமருந்தும் குண்டும் பொதிந்த காகித உறையை. தோட்டா என்றால் முழுப்பொதி என்பதற்கு நம் பாடநூலே சான்று. இருந்தும் நம் நாளிதழ்களில் 'மார்பில் தோட்டா பாய்ந்தது' என்றே அச்சாகிறது; மொழிபெயர்ப்பு நாவல்களிலும் அப்படியே. பாய்வது குண்டு, பித்தளைக் கூடு சுட்டவன் காலடியிலோ துப்பாக்கிக்குள்ளோ தங்கிவிடும். துப்பறியும் கதையில் அந்தக் கூடுதான் தடயம் என்றால், மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் கதையையே குலைத்துவிடும். இதை எழுதும் எங்களுள் இருவர் அப்பிழையைச் செய்தவர்களே.

முடிவாக ஒன்று. ஆயுதத்தைக் கையில் ஏந்துகிறவருக்கும், அதைப் பற்றிச் சட்டம் எழுதுகிறவருக்கும், அதைக் கதையில் வைக்கிறவருக்கும் சரியான சொல் கடமை. அதன் எதிரே நிற்க நேர்ந்தவருக்கு அப்படியொரு கடமையை யாரும் விதிக்க முடியாது. பிறரைத் திருத்த வாய் திறக்கும் முன் தம் துப்பாக்கியின் சேம்பரை ஒருமுறை திறந்து பார்ப்பவரே சொல்லை அறிந்தவர்.