பத்து நிமிஷம் யாருக்குச் சொந்தம்?

பொழுது புலருமுன் அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்கள். கிரிவலப் பாதையில் பக்தர்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். பாதையை விட்டு ஊருக்குள் திரும்பினால், குளியலறை இல்லாத வீடுகளின் பின்புறம், கீற்றுத் தட்டி மறைவில், இருட்டோடு இருட்டாகப் பெண்கள் குளிப்பார்கள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, ஒரு கண் தட்டியின் ஓட்டையில், ஒரு காது வாசலில். நாலு செம்புத் தண்ணீர், அவசரமாக ஒரு தேய்ப்பு, குளியல் முடிந்தது! விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டும்.

இந்தப் பெண்களை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய விளம்பரம் ஒன்றைப் பார்ப்போம்.

1975-ம் வருஷம். 'லிரில்' சோப்பை விற்க ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தது. எடுத்த இடம் நமது கொடைக்கானல். பச்சை நீச்சலுடை அணிந்த காரன் லுனல் என்ற இளம்பெண் அருவியில் துள்ளித் துள்ளிக் குளிக்கிறாள். படம் நாடெங்கும் ஓடிற்று. கொடைக்கானல் பாம்பார் அருவிக்கு 'லிரில் அருவி' என்றே பேர் வந்துவிட்டது. தண்ணீருக்குக்கூட சோப்பின் பெயர்!

நீச்சலுடை என்றாலே 'பண்பாடு போயிற்று' என்று கூச்சலிடுவோர் உண்டு. 1966-ல் ஷர்மிளா டாகூர் 'பிலிம்பேர்' அட்டையில் பிகினியில் தோன்றியபோதும் கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் நமக்குப் பங்கில்லை. எந்த உடை உடுத்துவது என்பது உடுத்துகிறவள் விஷயம். உடையைக் கண்டு பதறுகிறவர்கள், தட்டியின் ஓட்டையைக் கண்டு என்றாவது பதறியதுண்டா?

நமது கேள்வி வேறு: அந்த உடையைக் காட்டி யார், எதை விற்றார்கள்?

'பிகினி' என்ற பெயரே ஒரு பாடம். 1946 ஜூலை 1-ந் தேதி, பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டை வெடித்தது. அதற்காக அங்கே வாழ்ந்த 167 பேரை முன்னமே வெளியேற்றியிருந்தது. நாலே நாளில், ஜூலை 5-ந் தேதி, பாரிஸ் நகரில் லூயி ரெயார் தமது புதிய நீச்சலுடைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஊரிழந்த ஜனங்களின் ஊர்ப்பெயர் கடைச் சரக்காயிற்று!

கொடைக்கானலில் சரக்கானது எது? விளம்பரம் தயாரித்த லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீயே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இந்தியக் குடும்பப் பெண்ணுக்கு நாள் முழுவதிலும் தனக்கென்று கிடைப்பது குளிக்கும் பத்து நிமிஷம்தான். அப்போதுதான் அவள் கனவு காண்கிறாள் என்று கண்டறிந்தார்களாம்.

கெட்டிக்காரர்கள்! சமையல், சலவை, பிள்ளை, மாமியார் என்று நாளெல்லாம் உழலும் பெண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை என்ற உண்மையைக் கண்டுகொண்டார்கள். கண்டு என்ன செய்தார்கள்? அவளுடைய ஏக்கத்துக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள். பறிபோன நேரம் திரும்பவில்லை. அதன் கனவு மட்டும் சோப்புக் காகிதத்தில் சுற்றி விற்கப்பட்டது. லாபம் கம்பெனிக்கு, அடுப்பங்கரை அவளுக்கு!

கீற்றுத் தட்டிக்குப் பின்னால் குளிப்பவளுக்கோ அந்தப் பத்து நிமிஷமும் இல்லை. அவளிடமும் சோப்பு வந்து சேர்ந்துவிட்டது. தாழ்ப்பாள் போட்ட கதவுதான் இன்னும் வந்து சேரவில்லை.

அவளுக்கு அருவி வேண்டாம். கதவுள்ள குளியலறை வேண்டும். குழாயில் தண்ணீர் வேண்டும். வீட்டு வேலையில் பாதியை ஆண் சுமக்க வேண்டும். கூலி குறையாமல் ஓய்வு வேண்டும். இவை கிடைக்கட்டும், என்ன சோப்புத் தேய்ப்பது, என்ன உடை உடுத்துவது என்பதை அவளே தீர்மானித்துக்கொள்வாள்.