அணிசெய்த ஈமப்பொருள்களும் ‘அரச’ அடைமொழியும்: ஒரு மறுப்பு

முன்னுரை

புதுதில்லியின் கோல் மார்க்கெட், 1921இல் எழுப்பப்பெற்ற பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடத்தால் பெயர்பெற்ற பகுதியாகும். காய்கறியும் மீனும் இறைச்சியும் விற்ற அக்கட்டடத்தைச் சாதனை மகளிர்க்கான அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் புதுதில்லி நகராட்சி மன்றம் மேற்கொண்டது. எழுத்துச் சான்றுகள் யாவும் அழிந்து, கட்டடமும் அதனுள் வைக்கப்பெறும் மகளிர் உருவங்களும் மட்டுமே எஞ்சுமாயின், வருங்கால ஆய்வாளர் ஒருவர் அதனை அரசியர் மாளிகை எனத் துணிதல் கூடும். பொருளின் பொலிவைக் கண்டு உரியவரின் தகுதியை முடிவுசெய்யும் இத்தகைய துணிபே, இந்தியத் தொல்லியலில் ஈமப்பொருள்களைப் பற்றிய பேச்சில் இன்று மேலோங்கி நிற்கிறது. அணிசெய்த ஈமப்பொருள் கிடைத்தவிடமெல்லாம் அரசனைக் காணும் அப்போக்கினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சினௌலியும் ஆதிச்சநல்லூரும்

தில்லிக்கு வடக்கே, உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் உள்ளது சினௌலி. அங்கு 2005–06இல் நிகழ்ந்த அகழாய்வில் 116 புதைகுழிகள் வெளிப்பட்டன. 2018இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை மீண்டும் அகழ்ந்தபோது, கால்கள் அமைந்து செப்புத் தகடு போர்த்திய மரப்பேழைகளும், செப்பு அணி பதித்த வண்டிகளும், வாள்களும் கிடைத்தன. ஒரு பேழையின் மூடியில் கொம்புடைத் தலையணி பூண்ட மாந்த உருவங்களும் அரசிலை வடிவும் இடம்பெற்றிருந்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 2000–1800 எனக் கணிக்கப்பெற்றது. உடனே ‘அரச ஈமக்காடு’ என்னும் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. பேழைகளில் எழுத்தில்லை, அரசன் பெயரில்லை, அரண்மனை எனத்தக்க கட்டடமும் அங்கு வெளிப்படவில்லை. அணி இருந்தது, அதுவே போதுமானதாகக் கொள்ளப்பெற்றது.

தமிழகத்திலும் நிலைமை வேறன்று. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் அகழ்ந்து பெற்ற பொருள்கள் பெர்லின் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் பொன் நெற்றிப்பட்டங்களும், விலங்கு, பறவை உருவங்கள் அமைந்த வெண்கலக் கலமூடிகளும் கிடைத்தன. அப்பட்டங்களைப் பாண்டியர் முடியோடு இணைத்துப் பேசுதல் தமிழ் மேடைகளில் வழக்கமாயிற்று. வடபுலத்தார் சினௌலியில் செய்யும் பிழையைக் கடியும் தமிழறிஞர், அதே பிழையை ஆதிச்சநல்லூரில் தாம் செய்வது முறையன்று.

எகிப்து தரும் பாடம்

இவ்விரு சாராரும் துணைக்கு அழைப்பது எகிப்தையே. 1922இல் ஹோவார்டு கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில் 5000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. உள்பேழை மட்டும் 110 கிலோ அளவிலான பொன்னால் ஆனது. எனினும் அக்கல்லறை அரசனுடையது என்பதை உறுதிசெய்தது பொன் அன்று. நீள்வட்டக் கோட்டினுள் பொறிக்கப்பெற்ற அவன் பெயரே ஆகும்.

இதற்கு மறுதலையான சான்றும் எகிப்திலேயே உண்டு. 1905இல் அரசர் பள்ளத்தாக்கில் திறக்கப்பெற்ற ஒரு கல்லறையில் பொன் பூசிய அழகிய பேழைகள் இருந்தன. அவற்றிற்குரிய யூயாவும் துயாவும் அரசி தியேயின் பெற்றோர், முடிசூடியவர் அல்லர். 1906இல் தேர் எல்-மெதினாவில் சியாபரெல்லி கண்ட கல்லறையில், பொன் பூசிய பேழையில் கிடந்தவர் கா என்பவர். அவர் அரசர்தம் கல்லறைப் பணிகளை மேற்பார்த்த கட்டடப் பணித்தலைவர். அவரும் அவர் மனைவி மெரிட்டும் பெற்ற பொருள்கள் இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. எழுத்து இல்லாதிருப்பின் இவ்விரு கல்லறைகளும் அரசருடையனவாகவே எண்ணப்பெற்றிருக்கும். எழுத்துடைய எகிப்திலேயே அணி அரசினைக் காட்டாதபோது, எழுத்தில்லாத சினௌலியில் அது எங்ஙனம் காட்டும்?

தமிழ் இலக்கியச் சான்று

எகிப்தினும் அணுக்கமான சான்று தமிழர் கையிலேயே உள்ளது. கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாடல், அம்மன்னனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவனை நோக்கிப் பேசுகிறது. அந்நூலின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி தனக்கும் சேர்த்து அகன்ற தாழி வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். வேந்தனுக்கும் வழிநடையில் துணையை இழந்தவளுக்கும் தாழி ஒன்றே. முன்னையது பெரும்புகழை உயர்வு நவிற்சியால் கூறுகிறதேயன்றி, அரசர்க்கெனத் தனிவகைக் கலம் உண்டெனக் கூறவில்லை.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளை அடுக்குகிறது. தாழியால் கவித்தலும் அவற்றுள் ஒன்று. அம்முறைகள் இன்னின்னார்க்கே உரியன என நூல் பிரிக்கவில்லை. அரசர்க்கும் துறவோர்க்கும் எழுப்பிய சுடுமண் கோட்டங்களில்தான் வேறுபாடு காட்டுகிறது. அஃதாவது, தகுதி வேறுபாட்டை நிலத்தின்மேல் எழுந்த கோட்டத்தில் கண்ட நூல், நிலத்தினுள் இட்ட தாழியில் காணவில்லை.

எதிர்வாதமும் விடையும்

பொன் எல்லார்க்கும் கிட்டுவதன்று. எனவே பட்டம் பெற்றவர் உயர்ந்தோரே என்பர். இதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயின் செல்வம் வேறு, அரசு வேறு. வணிகர் தலைவனும், ஊர் முதல்வனும், பூசை செய்வோனும் செல்வம் பெறுவர். அரசு என்பது வரி, படை, ஆணை ஆகியவற்றின் அமைப்பு. அதனைத் தனியொரு குழியிலிருந்து உய்த்துணர இயலாது. ஈமக்காடு முழுமையிலும் பொருள்கள் பரவிய முறை, எலும்புகள் காட்டும் வாழ்நிலை, அருகிலுள்ள வாழ்விடத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே ஆராயப்பெறுதல் வேண்டும்.

‘அரச’ அடைமொழியால் மறைக்கப்பெறுவோர் கைவினைஞர் ஆவர். ஆதிச்சநல்லூரின் வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கலங்கள் குளிர்நிலையில் அடித்தால் உடைவன. சூட்டிலேயே அடித்துத் திடுமெனக் குளிர்விக்கும் நுட்பம் அறிந்தோராலேயே அவை உருப்பெற்றன. சினௌலியில் மரம் மட்கிய பின்னும் சக்கரத்தின் வடிவைக் காத்து நின்றது தச்சனும் கன்னானும் பதித்த செம்பே. அரசனைத் தேடும் கண்ணுக்கு இவர்கள் புலப்படுவதில்லை. 2004–05இல் ஆதிச்சநல்லூரில் வெளிப்பட்ட 150க்கும் மேற்பட்ட தாழிகளில் அடங்கியோர் பற்றிப் பேசுவோர் சிலரே. பொன்பட்டம் பற்றிப் பேசுவோர் பலர்.

முடிவுரை

2020ஆம் ஆண்டின் நடுவணரசு வரவுசெலவுத் திட்டம் ஆதிச்சநல்லூரில் அருங்காட்சியகம் அமையும் என அறிவித்தது. 2023இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கு வைக்கப்பெறும் விளக்கப் பலகைகளில் ‘அரச’ என்னும் சொல் சான்றின்றி ஏறுமாயின், அது பாடநூலுக்கும் செல்லும். பின் அகற்றுதல் அரிது. தாழி வனைந்த குயவனைப் பாட்டின் முன்னிலையில் நிறுத்தியது தமிழ் மரபு. அம்மரபில் வந்த ஆய்வு, பெயர் தெரியாதவர்க்கு முடிசூட்டுவதை விடுத்து, அவரை அடக்கிய தாழியையும் அதனை வனைந்த கையையும் முதற்கண் ஆராய்தலே தக்கதாகும்.