மணிக்கூடு காட்டிய கலோரி

சென்ற மாதம் வன்னியில் ஒரு தையல் நிலையத்துக்குப் போயிருந்தபோது, அங்கே மெசினில் இருந்த ஒரு சகோதரியின் கையில் புதிய மணிக்கூடு ஒன்றைக் கண்டேன். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியதாம். நேரம் மட்டுமல்ல, நடந்த அடிகள், இதயத் துடிப்பு, எரித்த கலோரி எல்லாம் அதில் தெரியும். அவருக்கு 47 வயது. 2009இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். சில வருடங்களாக நீரிழிவுக்கும் மாத்திரை எடுக்கிறார்.

"அண்டைக்கு முழுக்க நடந்து திரிஞ்சனான் அக்கா. கிணத்தடி, கோழிக்கூடு, சந்தை எண்டு. பொழுதுபட்டுப் பார்த்தால் இது 120 கலோரி எண்டு காட்டுது. இந்தக் கொஞ்ச வேலைக்கு எனக்கு என்னத்துக்கு இராச்சாப்பாடு எண்டு விட்டிட்டன்" என்றார்.

சாப்பாட்டை விட்டவர் மாத்திரையை விடவில்லை. விடியப்புறம் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சும் குழறியிருக்கிறது. மகள் சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் தப்பினார்.

சகோதரிகளே, இந்த மணிக்கூடுகள் கலோரியை அளப்பதில்லை. ஊகிக்கின்றன. உடல் செலவழிக்கும் சக்தியை உண்மையில் அளப்பதானால், முகத்தில் மூடி அணிந்து, உள்ளே போகும் ஒட்சிசனையும் வெளியே வரும் காபனீரொட்சைட்டையும் கணக்கிட வேண்டும். மணிக்கூட்டுக்குத் தெரிந்தது கை அசைவு, பச்சை வெளிச்சத்தால் தோலினூடாகப் பார்க்கும் நாடித்துடிப்பு, நாம் கொடுத்த வயது, உயரம், நிறை ஆகியவை மட்டுமே. மிகுதியை ஒரு சூத்திரம் நிரப்புகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017இல் இவ்வாறான ஏழு கருவிகளை 60 பேரின் கையில் கட்டிப் பரிசோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 வீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ, ஆகத் திறமான கருவியே 27 வீதம் பிழைத்தது. ஆக மோசமானது 93 வீதம். அவை பழைய மாதிரிகள்தான். ஆயினும் பின்னர் வந்தவற்றிலும் கலோரிக் கணக்கே பலவீனமான பகுதியாக இருக்கிறது.

உடற்பயிற்சிக் கணக்குகளில் வழமையாகப் பயன்படும் ஒரு அளவைப் பாருங்கள். சும்மா இருக்கும் உடல் ஒரு கிலோ நிறைக்கு மணிக்கு 1 கலோரி செலவழிக்கும், சாதாரண நடைக்கு அதன் மூன்றரை மடங்கு என்பார்கள். இந்த அளவு 40 வயதுள்ள, 70 கிலோ நிறையுள்ள ஓர் ஆணின் உடலை வைத்து வந்தது. ஒரேயொரு ஆண்! 2005இல் வெளியான ஆய்வொன்று 769 பேரை அளந்தது. அவர்களில் 642 பேர் பெண்கள். ஓய்வில் இருக்கும் உடலின் செலவை இந்த அளவு சராசரியாக 20 வீதம் கூட்டிச் சொல்கிறது என்று கண்டார்கள்.

52 கிலோ நிறையுள்ள ஒருவர் அரை மணித்தியாலம் நடந்தால் அந்தக் கணக்கின்படி 91 கலோரி. அதில் 26 கலோரி, நடக்காமல் கதிரையில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மிஞ்சுவது 65. மூன்று தேக்கரண்டி சீனி போட்ட ஒரு தேநீர் அதைச் சமன் செய்துவிடும். மணிக்கூட்டில் பெரிய இலக்கத்தைக் கண்டு இன்னும் இரண்டு றோல்ஸ் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆனால் அந்தத் தங்கையின் கதை வேறு. அவருக்கு மணிக்கூடு குறைத்தே காட்டியிருக்க வேண்டும். செயற்கைக் காலுடன் நடப்பவருக்கு, அதே தூரத்தை நடக்க மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி தேவை. முழங்காலுக்கு மேலே கால் போனவர்களுக்கு இன்னும் அதிகம். அந்தச் சுமையால் நடை தானாகவே மெதுவாகிறது. மெதுவான நடையைக் கண்ட மணிக்கூடு, வேலை குறைவு என்று எழுதிக்கொள்கிறது. அதோடு, இடுப்பில் குடத்தையோ கையில் வாளியையோ கொண்டு நடக்கும்போது கை வீசுவதில்லை. சைக்கிளை உருட்டும்போதும் அப்படியே. அந்த அடிகளில் பல கணக்கில் விழாது. மறுபக்கம், இருந்த இடத்தில் தேங்காய் திருவினால் நடந்ததாக நினைக்கவும் கூடும்.

2016இல் அப்பிள் நிறுவனம் சக்கர நாற்காலியில் செல்வோருக்கென்று தன் மணிக்கூட்டில் தனிக்கணக்குச் சேர்த்தது. இந்தத் தங்கையின் மணிக்கூட்டில் செயற்கைக் கால் என்று சொல்லிவைக்க இடமே இல்லை. நானும் அரை மணித்தியாலம் தேடிப் பார்த்தேன்.

இதயத் துடிப்பும் வேலையால் மட்டும் கூடுவதில்லை. வெயில், காய்ச்சல், எங்கோ வெடிச் சத்தம் கேட்டு நெஞ்சு படபடப்பது, இவையும் அதைக் கூட்டும். பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோ துடிப்பைக் குறைத்துவிடும்.

அப்படியானால் மணிக்கூட்டைக் கழற்றி எறிவதா? வேண்டாம். எத்தனை நிமிடம் நடந்தோம் என்று பார்க்க அது நல்லது. கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. உடற்குறையுள்ளவர்களுக்கும் அதையே சொன்னார்கள், இயன்ற அளவிலிருந்து தொடங்கும்படி. மிதமானதா என்று அறிய இலக்கம் வேண்டாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். செயற்கைக் கால் போடுபவர்கள் நடந்து வந்ததும் கால் முனையில் சிவப்போ கொப்புளமோ உண்டா என்று பாருங்கள். நீரிழிவும் இருந்தால் மற்றப் பாதத்தையும் தடவிப் பாருங்கள்.

கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த இலக்கத்தைக் கண்டும் ஒருவேளைச் சாப்பாட்டை விடக் கூடாது. உணவைக் குறைக்க விரும்பினால் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தின் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சீனி கரைத்துக் குடித்து, பிறகு சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அந்தத் தங்கை கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். இப்போது கைப்பையில் ஒரு சிறு பக்கற் சீனி வைத்திருக்கிறார். மணிக்கூட்டில் கலோரி வரும் பக்கத்தை மகள் மறைத்துவிட்டாளாம்.