வாக்குச் சேகரிக்கத் தெரிந்த தூதர்

அரசியல்வாதி ஒருவரை வெளிநாட்டுக்குத் தூதராக அனுப்பும்போதெல்லாம் இரண்டு பேச்சு எழும். தோற்றவருக்கு ஆறுதல் பரிசு என்பார்கள். இல்லையென்றால், தலைவருக்கு வேண்டியவர் என்பார்கள். விஜயலட்சுமி பண்டிட்டை இரண்டாவது பேச்சு வெகுகாலம் துரத்தியது. அவர் நேருவின் தங்கை. 1947இல் மாஸ்கோ, 1949இல் வாஷிங்டன், 1954இல் லண்டன் என்று அவரை அனுப்பியதும் நேருவின் அரசுதான். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவருக்கு எந்த வேலை கைவந்தது, எது கைவரவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

தூதராவதற்கு முன்பே அவர் தேர்ந்த அரசியல்வாதி. 1937இல் ஐக்கிய மாகாணத்தில் தேர்தலில் வென்று உள்ளாட்சி, பொதுச் சுகாதாரத் துறைகளுக்கு அமைச்சரானார். சுதந்திரப் போராட்டத்தில் மூன்று முறை சிறை சென்றார். 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அவரும் நீதிக்கட்சி அரசியலிலிருந்து வந்தவர். பண்டிட்டோ எந்தப் பதவியும் இல்லாமல் அதே ஊரில் கூட்டம் கூட்டமாகப் பேசி, அந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல என்று வாதிட்டார்.

மறு ஆண்டே அவர் அதிகாரபூர்வக் குழுவின் தலைவராக ஐ.நா. பொதுச்சபைக்குப் போனார். தென்னாப்பிரிக்கா அப்போது இந்தியர்களின் நில உரிமையைச் சுருக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேட்டாலில் வாழ்ந்தவர்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர், தெலுங்கர் முதலானோரின் வழிவந்தவர்கள் அவர்களில் ஏராளம். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சந்தேகமிருந்தால் சர்வதேச நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்றார் பிரதமர் ஸ்மட்ஸ். சட்ட நோக்கில் அது லேசான வாதமல்ல. உள்நாட்டு விவகாரங்களில் ஐ.நா. தலையிடக் கூடாது என்று சாசனத்தின் 2ஆம் பிரிவே சொல்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தியாவுக்கு எதிராகவே நின்றன.

பண்டிட் இதைச் சட்ட நுணுக்கமாகப் பேசவில்லை, உலகின் மனசாட்சிக்கான கேள்வியாக மாற்றினார். 1946 டிசம்பர் 8 அன்று தீர்மானத்துக்கு ஆதரவாக 32 நாடுகள், எதிராக 15. ஏழு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. ஆதரித்த நாடுகளில் ஒன்றே ஒன்று எதிரணிக்குப் போயிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். இந்தியா அப்போது சுதந்திர நாடுகூட அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தீர்மானத்தால் நேட்டால் இந்தியர்களுக்கு உடனடியாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1948இல் ஸ்மட்ஸ் தேர்தலில் தோற்க, அவரைவிடக் கடுமையானவர்கள் ஆட்சிக்கு வந்து நிறவெறியையே அரசின் கொள்கையாக்கினார்கள். ஆனால் ஒரு நாடு தன் குடிமக்களை நடத்தும் விதம் பொதுச்சபையின் விவாதப் பொருளாகலாம் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. பின்னாளில் நிறவெறிக்கு எதிராக வந்த தீர்மானங்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

மாஸ்கோ வேறு கதை. அங்கே திரட்ட வாக்கும் இல்லை, கேட்க அவையும் இல்லை. 1949 வரை தூதராக இருந்தும் ஸ்டாலின் அவருக்கு ஒரு சந்திப்புகூடத் தரவில்லை. அடுத்து வந்த ராதாகிருஷ்ணனோ அரசியல்வாதியும் அல்ல, தொழில்முறைத் தூதரும் அல்ல. அந்தத் தத்துவப் பேராசிரியரை ஸ்டாலின் சந்தித்தார். அதற்குள் இந்தியாவைப் பற்றிய சோவியத் பார்வை மாறத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மூடிய அறைகளில் ஒரு தூதரின் திறமையால் ஆவது கொஞ்சம்தான்.

1953இல் பண்டிட் பொதுச்சபையின் முதல் பெண் தலைவரானார். லண்டனில் ஏழாண்டுகள், மகாராஷ்டிர ஆளுநர் பதவி, அண்ணன் மறைந்தபின் அவரது பூல்பூர் தொகுதியில் மக்களவை உறுப்பினர் என்று வாழ்க்கை நீண்டது. நெருக்கடி நிலைக்குப் பிறகு, 1977 தேர்தலில் அண்ணன் மகள் இந்திராவுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். ஜனதா அரசு அவரை ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு இந்தியப் பிரதிநிதியாக அனுப்பியது. அதையும் கைம்மாறு என்று சொல்பவர்கள் சொல்லலாம். நேருவின் தங்கை என்பதால் கிடைத்தது என்று மட்டும் சொல்ல முடியாது.